இசுப்பு இரப்பன் பெற்றது ஆட்சியா? மட்டாஞ்சேரிச் செப்பேட்டின் ஒரு வாசகம்

மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளியில் பேணப்படும் பாஸ்கர ரவிவர்மன் செப்பேட்டைப் பழம் மரபு 4ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது. எழுத்தமைதியும் ‘இரண்டாம் ஆண்டைக்கெதிர் முப்பத்தாறாம் ஆண்டு’ என்னும் குறிப்பும் அதனைக் கி.பி. 1000ஐ ஒட்டி நிறுத்திவிட்டன. காலம் திருத்தப்பட்ட பின்னும், யூதத் தலைவன் இசுப்பு இரப்பன் (யோசேப்பு ரப்பான்) இதன்வழி ஒரு குறுநில ஆட்சியைப் பெற்றான் என்னும் பொருள்கோள் மட்டும் தொடர்கிறது. செப்பேட்டின் வாசகம் அதற்கு இடம் தரவில்லை.

ஆட்சிக் கொள்கையினர் பெரிதும் நம்புவது ‘அஞ்சுவண்ணமுடைய’ என்னும் அடையை. சாட்சிகளான வேணாடுடையவனும் வள்ளுவநாடுடையவனும் இதே வாய்பாட்டில் குறிக்கப்படுவதால், அஞ்சுவண்ணமும் ஒரு நிலப்பகுதியே என்பது அவர்கள் முடிவு. ‘உடைய’ என்பது உடைமையைச் சொல்லும். அது நிலமா, உரிமையா என்பதை முன்நிற்கும் பெயரே காட்டும். இங்கே ‘நாடு’ என்னும் ஈறு இல்லை, எல்லைகளும் இல்லை. நிலம் வழங்கிய கொல்லம் தரிசாப்பள்ளிப் பட்டயம் (849) நான்கெல்லையைத் தெளிவாகவே சொல்கிறது. அதே பட்டயத்தில் அஞ்சுவண்ணம் மணிக்கிராமத்தோடு இணைந்து பள்ளியின் காப்புரிமையை ஏற்கும் வணிகக் குழுவாக வருகிறது.

இவ்வழக்கைத் தீர்ப்பது அதிகம் பேசப்படாத வேறொரு வாசகம். பகல் விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை முதலிய சிறப்புகளை அடுக்கியபின், நகரத்துக் குடிகள் கோயிலுக்கு, அதாவது அரண்மனைக்கு, இறுப்பதை இரப்பன் இறுக்க வேண்டா; அவர்கள் பெறுவதை இவனும் பெறலாம் என்கிறது செப்பேடு. இரப்பனின் நிலை நகரத்துக் குடிகளை வைத்தே அளக்கப்படுகிறது. நாடாளும் ஒருவனுக்குக் குடிகளின் வரியிலிருந்து விலக்கு எதற்கு? நகரத்துக்குள் வாழ்ந்து, சிறப்புரிமை பெற்ற ஒருவனுக்கே இவ்விதி பொருந்தும்.

உல்கையும் துலாக்கூலியையும் ‘விட்டோம்’ என்பதில் ஐயத்துக்கு இடமுண்டு. சுங்கம் தள்ளப்பட்டதா, அதைத் தண்டும் உரிமையே அவனிடம் விடப்பட்டதா? இரண்டாவதை முழுதும் மறுக்க இயலாது. ஆயினும் உடன்வரும் விதி வரிவிலக்கையே பேசுவதால், முதற்பொருளே இயல்பாகத் தோன்றுகிறது. இரண்டாவதை ஏற்றாலும் கிடைப்பது வருவாய் உரிமையே, அரசு அன்று.

பல்லக்கும் குடையும் அரசச் சின்னங்கள் அல்லவா என்பர். மணிக்கிராமப் பட்டம் பெற்ற இரவிகொற்றனுக்கு வீரராகவ சக்கரவர்த்தி பட்டயம் இத்தகைய சிறப்புகளையே வழங்கி, ‘சேரமான் லோகப் பெருஞ்செட்டி’ என்றும் அழைக்கிறது. பெருஞ்செட்டிக்குப் பொருந்தியவை இரப்பனுக்கும் பொருந்தும். நாட்டுடையவர்கள் சாட்சி நிற்பது பெருமாளான பாஸ்கர ரவிவர்மனின் ஆணைக்கு அமைந்த கனம்; பெற்றவனின் தகுதிக்கு அது அளவுகோல் அன்று.

உரிமை மகன்களோடு மகள்களுக்கும் மருமக்களுக்கும் செல்வதைத் தாய்வழி மரபின் சாயல் என்றோ, வணிகக் குடும்பச் சொத்தேற்பாடு என்றோ கொள்ளலாம். இரண்டிலும் அரியணை இல்லை.

எனவே இடைக்காலக் கேரள வரலாற்றுப் பாடத்தில் இச்செப்பேட்டைச் ‘சமயச் சமூகங்கள்’ என்னும் அலகிலிருந்து ‘நகரமும் வணிகக் குழுக்களும்’ என்னும் அலகுக்கு மாற்ற வேண்டும். செப்பேடு குறிக்கும் நகரமான முயிரிக்கோட்டில் குடிகள் எதை இறுத்தனர், யார் விலக்குப் பெற்றனர் என்பதற்கு இது நேர்ச்சான்று. வட்டெழுத்துப் பயிற்சியுள்ள தமிழ்க் கல்வெட்டு மாணவர் மொழிபெயர்ப்பின் துணையின்றியே இதைப் படிக்கலாம். தரிசாப்பள்ளி, வீரராகவ பட்டயங்களை அருகில் வைத்து முதலில் அவ்வாறே படிக்கச் செய்ய வேண்டும்.