படிகமும் பிசினும்

தொடர் – 14

சென்ற வாரம் அபினியிலிருந்து மார்ஃபின் பிரிந்து வந்த கதையைப் பார்த்தோம். அங்கே கையில் கிடைத்த படிகமே மருந்தாகவும் இருந்தது. அதனால், மூலிகையிலிருந்து தூய படிகம் ஒன்றைப் பிரித்துவிட்டாலே அதன் குணம் பிடிபட்டுவிடும் என்று தோன்றலாம். சர்ப்பகந்தா வேரின் வரலாறு அதை மறுக்கிறது. 1931இல் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் அந்த வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தார்கள். மூன்று வெள்ளை, இரண்டு மஞ்சள். அவற்றில் ஒன்றுக்கு, அக்கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், அந்த வேர் மனநோயின் கொந்தளிப்பையும் உயர் ரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினார்கள். ஆனால் அந்த அமைதியைத் தரும் பொருள் இன்னதென்று தெரிய மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் பிரிக்கும் முறையிலேயே இருந்தது. ஆல்கலாய்டுகளை அமிலத்தில் கரைத்தெடுத்து, பிறகு காரம் சேர்த்து வீழ்படிவாக்குவது வழக்கம். காரத்தன்மை மிகுந்தவை இதில் எளிதாகச் சிக்கும். குறைந்தவை பிசினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். பிசின் படிகமாகாது, வேதியியலாளர் கண்ணுக்கு அது கசடு. 1944இல் இந்திய ஆய்வாளர்கள் அந்தப் பிசின் பகுதிக்கே உறக்கம் தரும் குணம் உண்டென்று பதிவுசெய்தார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் ரத்த அழுத்தமுள்ள 50 பேரிடம் இந்த வேர் தந்த பலனை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். பாசல் நகரின் சீபா ஆய்வகத்தில் ஷ்லிட்லரும் முல்லரும் வேர்ச்சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்க, பைன் அவற்றை விலங்குகளிடம் சோதித்தார். குணம் எந்தப் பகுதியில் தெரிந்ததோ அதையே மேலும் பிரித்துப் போனார்கள். 1952இல் பிசினிலிருந்து ரெசர்பின் வெளிப்பட்டது. எதைப் பிரிக்க வேண்டும் என்பதை அங்கே தீர்மானித்தது படிகத்தின் அழகல்ல, விலங்கின் உடல்.

வக்கீல் முழு வேரைக் கொண்டே பலன் கண்டாரே, பிரிப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; ரெசின்னமின் போன்ற உறவுப் பொருள்களும் வேரின் குணத்தில் பங்கு கொள்கின்றன. ஆனால் மண்ணும் பருவமும் மாறினால் வேரின் வீரியமும் மாறும். ரெசர்பினோ நாளொன்றுக்குக் கால் மில்லிகிராம் அளவிலேயே வேலை செய்வது. அவ்வளவு நுண்ணிய அளவை வேர்ப்பொடியில் கண்மதிப்பாக நிர்ணயிக்க முடியாது. பிரித்தெடுத்த பிறகுதானே மனச்சோர்வு என்ற பக்கவிளைவு வந்தது என்பது அடுத்த மறுப்பு. அதே ரெசர்பின்தான் வேரிலும் இருக்கிறது. பிரித்ததால் பக்கவிளைவு பிறந்துவிடவில்லை. எந்த அளவில் வருகிறது என்று கவனிக்கவும் அளவைக் குறைக்கவும் வழி பிறந்தது.

அதற்காக டெல்லியின் உழைப்பை வீண் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் பிரித்த ஐந்தும் உண்மையான பொருள்கள். ரத்த அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் விடை அவற்றில் இல்லை, அவ்வளவுதான். இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை பற்றிய கேள்வி எழுந்தபோது, அஜ்மலினே மருந்தாயிற்று.

(தொடரும்)