மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகமும் பேராக் தோட்டத் தமிழரும்

புற்றுநோய்ப் பதிவகம் என்பது ஒரு நாட்டிலோ வட்டாரத்திலோ வாழ்வோரிடம் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களை, நோயாளியின் வயது, பால், இனம், முகவரி, கட்டி தோன்றிய உறுப்பு, நோய் முற்றிய நிலை ஆகியவற்றுடன் குறித்துவைக்கும் அமைப்பு. டென்மார்க்கில் 1942 முதலும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1982 முதலும் இத்தகைய பதிவு நடக்கிறது. மலேசியாவில் பினாங்கு மாநிலம் 1994இல் முந்திக்கொண்டது. தேசியப் பதிவகத்தின் முதல் அறிக்கை 2002ஆம் ஆண்டின் தீபகற்ப நோயாளிகளைப் பற்றியது.

பேராக் மாநிலத்தின் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கப்பட்ட ஒருவர் சிகிச்சைக்குக் கோலாலம்பூரோ பினாங்கோ போகக்கூடும். ஒருவரையே இருமுறை எண்ணிவிடாதிருக்க அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண் உதவுகிறது. எண்ணப்படாமலே போவோரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். மருத்துவர் பார்க்காமல் வீட்டில் நிகழும் சாவுக்கு ‘முதுமை’ என்று காரணம் எழுதிவிட்டால், உள்ளே இருந்த கட்டி கணக்கில் வராது. 1988ஆம் ஆண்டின் நோய்த் தடுப்புச் சட்டம் தொற்றுநோய்களை அறிவிக்கச் சொல்கிறது. புற்றுநோய் அதில் சேராது.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் 2007–2011இல் 103,507 பேரும் 2012–2016இல் 115,238 பேரும் பதிவாயினர். சீனரிடையே மூக்குத்தொண்டைப் புற்று மிகுதி. இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, வாய்ப் புற்று மிகுதி. உலகின் பெரும்பகுதியில் இது ஆண்களையே அதிகம் தாக்கும் நோய் என்பதால், இந்த வேறுபாடு தற்செயலாக இருக்க முடியாது. அதன் வேர் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிறது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன பெண்கள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலையையும் சேர்த்து அடக்கிக்கொண்டார்கள். பசியையும் அலுப்பையும் அது தள்ளிவைத்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

1993–94இல் நாடு முழுதும் 11,697 பேரின் வாயைப் பரிசோதித்த ஆய்விலும், புற்றுக்கு முந்திய புண்கள் இந்தியரிடமும் சபா, சரவாக் பூர்வகுடிகளிடமும் கூடுதலாகத் தென்பட்டன. 1997இல் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு, ஆபத்து மிகுந்த மக்களைத் தேடிப்போய்ப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டங்களும் அதில் அடங்கின.

ஆனால் அதற்குள் தோட்டங்களே கலைந்துகொண்டிருந்தன. பேராக்கில் சுங்கை சிப்புட், சிம்மோர், தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போவிலும் சிலாங்கூரின் கிள்ளானிலும் உள்ள மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. பதிவகம் குறிப்பது நோய் கண்டபோது இருந்த முகவரியை. முப்பது ஆண்டுகளுக்கு முன் பேராக் தோட்டமொன்றில் தொடங்கிய நோய், சிலாங்கூரின் கணக்கில் ஏறிவிடுகிறது. மாநில வாரியான எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திட்டமிடுவோர் இந்தப் பெண்களைத் தவறவிடுவார்கள். இனவாரிப் பத்தியையும் சேர்த்துப் படித்தே ஆக வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்த தாய்மார்கள் மருத்துவரிடம் தோட்டத்தின் பெயரையும் வெற்றிலை போட்ட காலத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத வாய்ப் புண் எதுவாயினும் உடனே பல் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.