பாக் விரிகுடாவில் மீனவர்களே பேசிய பேச்சு

கச்சத்தீவைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தேர்தல் வந்தால் கச்சத்தீவும் கூடவே வந்துவிடும்; அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். 1974, 1976 ஒப்பந்தங்களை அவர்களிடமே விட்டுவிட்டு, அதே கடலில் நடந்த வேறொரு சங்கதியைச் சொல்கிறேன். இரண்டு அரசுகள் முடிக்காமல் வைத்திருந்த ஒரு விவகாரத்தை இரு கரை மீனவர்களும் சில தொண்டு அமைப்புகளின் துணையோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு கட்டத்தில் முடித்தும்விட்டார்கள் என்றே சொல்லலாம். பத்திரிகைகளில் அது ஓரத்துச் செய்தியாக வந்து போனது.

முதலில் கடலைப் பற்றி. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள்தான். வெயில் தரைவரைக்கும் இறங்குவதால் அடியில் கடல்புல் பரந்து வளர்கிறது. இறால், நண்டு, கணவாய், குஞ்சு மீன்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் தொட்டில். நம் பக்கத்தில் ஆவுளியா என்று சொல்கிற கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்துதான் உயிர் வாழ்கிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. புல்லுக்கும் இறாலுக்கும் அது தெரியாது.

இந்தக் கடலுக்கு இழுவைமடி எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1952-ல் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்து நீண்டகரைப் பக்கம் ஒரு மீன்வளத் திட்டம் தொடங்கியது. அங்கே வந்த விசைப்படகுகளும் இறால் ஏற்றுமதியும் அடுத்த இருபது ஆண்டுகளில் நம் கரை முழுக்கப் பரவின. அரசு மானியம் கொடுத்தது, வங்கிகள் கடன் கொடுத்தன. அப்போது அதற்குப் பெயர் முன்னேற்றம்.

மடியின் வாயை இரண்டு பலகைகள் விரித்துப் பிடிக்கும். கீழ்க்கயிற்றில் கட்டிய ஈயமும் சங்கிலியும் தரையை உரசிக்கொண்டே போகும். இறாலோடு புல், சங்கு, பார்த்துண்டு, குஞ்சு மீன் எல்லாம் வாரிக்கொண்டு வரும். விலைபோகாத கழிசல் மீன் கோழித் தீவனத்துக்குப் போகும். நாட்டுப்படகுக்காரர்கள் அன்றே எதிர்த்தார்கள், கரையில் அடிதடிகள் நடந்தன. அதன் பிறகுதான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. பாக் விரிகுடாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. கடலையே முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டவர்கள் இவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1983-ல் இலங்கையில் போர் மூண்டது. வடக்கு மீனவர்களுக்குக் கடல் ஏறக்குறைய மூடப்பட்டது. இங்கே 3 மைல் போக எஞ்சிய இடம் குறுகல், படகுகளோ பெருகிக்கொண்டே இருந்தன. ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகள் ஆளில்லாத எதிர்க்கரைக் கடலில் மடி இழுத்தன. இருபது ஆண்டுகளில் அதைத் தங்கள் கடல் என்றே நினைத்த ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் இலங்கைக் கடற்படை சுட்டு நம் ஆட்கள் பலர் செத்தார்கள். நிராயுதபாணிகளைச் சுட்டதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அந்தத் துயரம் இன்னொரு விஷயத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

2002 போர் நிறுத்தத்துக்குப் பிறகு மன்னார், யாழ்ப்பாண மீனவர்கள் சின்னப் படகுகளோடு கடலுக்குத் திரும்பினார்கள். இரவில் அவர்கள் விரித்துவைத்த வலைகளின் மேல் நம் மடிகள் ஏறிப் போயின. கடன் வாங்கி வாங்கிய வலை காலையில் நூலாகக் கிடந்தது. கிழித்தவர்கள் சிங்களக் கடற்படையினர் இல்லை. அதே மொழி பேசுகிற, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் பக்கத்தில் நின்று கும்பிடுகிற ஆட்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறோமே, அந்த உறவுதான்.

இந்த இடத்தில்தான் அமைப்புகள் வருகின்றன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வி. விவேகானந்தன் போன்றவர்கள், 1990-களின் பிற்பாதியில், அப்பாவி மீனவர்கள் விடுதலைக்கான கூட்டமைப்பு ஒன்றை நடத்தி வந்தார்கள். இலங்கைச் சிறையில் இருந்த நம் ஆட்களுக்காக மட்டுமில்லை, இந்தியச் சிறைகளில் கிடந்த இலங்கை மீனவர்களுக்காகவும் அலைந்தார்கள். அந்தப் பக்கம் ஹெர்மன் குமார முதலியோரின் தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் இதே வேலையைச் செய்தது. சிறை வாசலில் தொடங்கிய தொடர்பு என்பதால்தான் இரு தரப்பும் இவர்களை நம்பின என்று நினைக்கிறேன். சுற்றுச்சூழல் கருத்தரங்கு நடத்தி வந்திருந்தால் விசைப்படகுச் சங்கத்தார் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

2004 மே மாதம் இந்திய மீனவர் குழு ஒன்று நல்லெண்ணப் பயணமாக இலங்கை போனது. விசைப்படகுக்காரர்களும் அதில் இருந்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடற்கரை மக்களை நேரில் சந்தித்தார்கள். கடற்படை பற்றிப் புகார் சொல்லத் தயாராகப் போனவர்கள், மீனவர்களிடமிருந்தே புகார் கேட்க வேண்டியிருந்தது. எல்லை தாண்டுவதைவிட இழுவைமடிதான் சிக்கல் என்பது இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்த அந்தப் பேச்சில்தான் வெளிப்படையாக வந்தது. நாட்டுப்படகில் சிறுவலையோடு வருகிறவர்கள் மேல் அவர்களுக்குப் பெரிய கோபம் இல்லை.

பிறகு போர் மீண்டும் வந்தது. 2009-ல் முடிந்தது. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர் குழு தமிழகம் வந்து, கடலோர ஊர்களைப் பார்த்து, சென்னையில் பேச உட்கார்ந்தது. எட்டிய உடன்பாடு இது: இலங்கைக் கடலில் இழுவைமடியை ஓராண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் மட்டும், அதுவும் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி மட்டும் மீன்பிடிப்பது. நட்டப்பட்டவர் எழுபது நாள் பொறுத்துக்கொள்வதாகவும், லாபம் பார்த்தவர் ஓராண்டில் விட்டுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். வாரத்தை மூன்றும் நான்குமாகப் பங்கிட்ட அதே பழைய புத்திதான் இதிலும் வேலை செய்திருக்கிறது.

இரண்டு அரசுகளும் அதற்கு முத்திரை குத்தவில்லை. முத்திரை இல்லாததால் மீறியவரைக் கேட்க ஆளில்லை. ஆறே மாதத்தில், 2011 பிப்ரவரியில், பொறுமையிழந்த யாழ்ப்பாண மீனவர்கள் தாங்களே கடலில் இறங்கி 18 படகுகளையும் 112 இந்திய மீனவர்களையும் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

இங்கே உள்ள படகு உரிமையாளரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பணிக்காலத்தில் சில வருடம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். விசைப்படகுக் கோப்புகள் என் மேஜையைக் கடந்தவை. வங்கிக் கடன் அதில் சிறு பகுதி. பெரிய பகுதி இறால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். பிடித்த இறாலை அவருக்கே, அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். டீசல் செலவு, ஆட்களின் பங்கு, எஞ்சின் வேலை எல்லாம் போக, ஒரு மாதம் மடியை மூடினால் அந்தக் குடும்பம் கவிழ்ந்துவிடும். இவர்களை ‘நிறுத்து’ என்று சொல்வதானால் எதற்கு மாறுவது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். தொண்டு அமைப்புகளிடம் அதற்கான பணம் இல்லை.

2014-ல் சென்னையிலும் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மறுபடி சென்னையிலும் பேச்சு நடந்தது. இப்போது அரசுகள் ஏற்பாடு செய்தன. ஆனால் நம் தரப்பு மூன்று ஆண்டு அவகாசம் கேட்டது, அவர்கள் முடியாது என்றார்கள். 2010-ல் ஓராண்டு போதும் என்று சொன்னவர்கள் 2015-ல் மூன்று கேட்டால் எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்?

2017-ல் இரண்டு அரசுகளும் தனித்தனியே ஏதோ செய்தன. இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ் உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா அதன் தொடக்கம். அந்தத் தடை பேசாலை, குருநகரில் இருந்த அவர்களுடைய சொந்த இழுவைப் படகுகளுக்கும் பொருந்தும், அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. இந்தியா ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறும் திட்டத்தை அறிவித்தது: மூன்றாண்டில் 2,000 படகுகள், ஒரு படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மாறிய படகுகள் மிகச் சில. ஒரே இரவில் இறாலோடு திரும்பிப் பழகியவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தூண்டில் போடச் சொன்னால் மானியம் மட்டும் போதாது. அது வேறு தொழில்.

கடற்பசுவின் கதியும் இப்படித்தான். அதைக் காக்கும் பன்னாட்டுப் புரிந்துணர்வில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் எட்டு நாடுகள் சேர்ந்த கடற்பசு, கடல்புல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று 2015-ல் தொடங்கியபோது அதில் இலங்கை இருந்தது, இந்தியா இல்லை. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசு காப்பகமாக அறிவித்தது. நல்ல வேலை. வலையில் சிக்கிய ஆவுளியாவை அறுத்து விடுவிக்கும் மீனவர்களை ஓம்கார் போன்ற உள்ளூர் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பழக்கி வந்ததும் இந்தக் கரையில்தான். அந்தக் காப்பகத்திலிருந்து புறப்படும் விலங்கு மன்னார்ப் பக்கம் மேயப் போனால், வழியில் எத்தனை மடிகளைக் கடக்க வேண்டும் என்பது எந்த அரசாணையிலும் இல்லை.

2025 மார்ச்சில் தமிழக மீனவர் பிரதிநிதிகள் மறுபடி வவுனியாவுக்குப் போய் வடக்கு மீனவர்களோடு உட்கார்ந்தார்கள். அரசு ஏற்பாடு இல்லை, தாங்களாகவே போனார்கள். 2004-ல் வைத்த அதே கோரிக்கையைத்தான் அவர்கள் வைத்தார்கள்: மடியை நிறுத்துங்கள்.