நாசகாரிக் கப்பலும் தேயிலை மலையும்

1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் முற்பகலில், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. ஒன்று, 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல். மற்றொன்று, அதற்குத் துணையாகச் சென்ற 'வாம்பயர்' என்னும் நாசகாரிக் கப்பல். முன்னதைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பின்னதைப் பற்றியே நாம் இங்குக் கூற விரும்புகிறோம்.

டிக்கோயா மலையில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். நம் மாணவருள் பலர் கடலைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள்தாம். ஆயினும், இம்மலையில் கிள்ளிய கொழுந்து கடல் கடந்துதான் காசாயிற்று. அக்கடல்வழியைக் காத்து நின்ற கப்பல்களின் வரலாறு நம் வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

முதல் உலகப் போரின் நடுவே, இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கப்பற் பட்டறையொன்றில் வாம்பயர் கட்டப்பெற்றது. 1917 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 312 அடி. எடை ஏறத்தாழ 1,100 டன். வேகம் மணிக்கு 34 கடல் மைல். நான்கு பீரங்கிகளும் ஆறு டார்பிடோக் குழாய்களும் அதன் படைக்கலங்கள். பெரிய கப்பல்களைச் சூழ்ந்து சென்று காப்பதே நாசகாரியின் தொழில். பெருங்கப்பல்களுக்குரிய கனத்த இரும்புக் கவசம் அதற்கு இல்லை. அதன் வேகமே அதன் கவசம்.

1933 இல் பிரிட்டன் இக்கப்பலை வேறு நான்கு பழங்கப்பல்களுடன் ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அளித்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது இவ்வைந்தும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டன. ஜெர்மானியப் பிரசாரகர்கள் இவற்றைப் 'பழைய இரும்பு' என எள்ளினர். மாலுமிகளோ அவ்வேளனத்தையே தம் பட்டமாகச் சூடிக்கொண்டனர். 1940 ஜூலையில் கலாப்ரியாக் கடற்போரில் வாம்பயர் பங்குகொண்டது. அடுத்த ஆண்டு, பழுதுபார்ப்பதற்காகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது.

அங்கிருந்துதான் அதன் வரலாறு தமிழர் வாழ்வோடு பின்னத் தொடங்குகிறது. 1941 டிசம்பரில் 'பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்கள் ஜப்பானியரைத் தடுக்கச் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்குச் சென்ற நான்கு நாசகாரிகளுள் வாம்பயர் ஒன்று, 'டெனிடோஸ்' மற்றொன்று. எண்ணெய் போதாமையால் டெனிடோஸ் முன்னரே திருப்பி அனுப்பப்பட்டது. டிசம்பர் 10 ஆம் நாள், விமானக் காவலின்றிச் சென்ற பெருங்கப்பல்கள் இரண்டும் மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் மூழ்கின. 840 பேர் மாண்டனர். வாம்பயர் மாலுமிகள் கடலில் தத்தளித்த 225 பேரைக் கரையேற்றினர். இச்செயலை நாம் வணங்குகிறோம்.

1942 ஜனவரி இறுதியில் ஜொகூரின் எண்டாவ் கரையில் வாம்பயர் மீண்டும் போரிட்டது. உடன் சென்ற 'தானெட்' மூழ்கிற்று, வாம்பயர் தப்பிற்று. பின்னர்ச் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல்கள் பின்வாங்கின. ஆயின், ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் எங்கே பின்வாங்குவர்? அவர்களை ஏற்றிச் செல்ல எக்கப்பலும் வரவில்லை. ஜப்பானியர் அவர்களைச் சயாம் - பர்மா இரயில்பாதை போட இழுத்துச் சென்றனர். ஆசிய விடுதலை பேசி வந்த ஏகாதிபத்தியத்தின் கீழ்ப் பல்லாயிரவர் காட்டிலே மடிந்தனர். காப்பாற்றப்பட்ட மாலுமிகள் 225 என்று கணக்குண்டு. இவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் கூட இல்லை.

வாம்பயர் இலங்கைக்கு வந்தது. போரும் பின்தொடர்ந்து வந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற டெனிடோஸ் மூழ்கிற்று. மக்கள் நகரைவிட்டுக் கூட்டங்கூட்டமாக ஓடினர். 8 ஆம் நாள், திருகோணமலையும் தாக்கப்படும் என அஞ்சி ஹெர்மிஸும் வாம்பயரும் துறைமுகத்தை விட்டு வெளியேறின. ஹெர்மிஸின் விமானங்கள் கரையிலேயே விடப்பட்டிருந்தன. விமானந்தாங்கி என்பது அன்று பெயரளவிலேதான்! மறுநாள் முற்பகல் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. கரையிலிருந்து அனுப்பிய போர்விமானங்கள் எல்லாம் முடிந்த பின்னரே வந்தன. ஹெர்மிஸில் 307 பேரும், வாம்பயரில் கப்பல்தலைவர் உட்பட 9 பேரும் உயிரிழந்தனர். 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. குவாந்தானில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை மேலிடம் நான்கு மாதங்களில் கற்கவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்கள் கொதிகலன் அறையிலும் பீரங்கி அருகிலும் நின்ற சாதாரண மனிதர்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். மலாயாவும் ஜாவாவும் வீழ்ந்தபின், நேச நாடுகளின் ரப்பருக்கு இலங்கையே பெருந்துணையாயிற்று. தேயிலைக்கு இந்தியாவும் இலங்கையும் ஆதாரமாயின. பிரிட்டனில் 1940 முதல் தேயிலைக்குப் பங்கீடு நிலவியது. அங்குக் குடித்த ஒவ்வொரு கோப்பையும் போர்ப்பொருளாகவே கருதப்பட்டது. அதிகாலைப் பெரட்டுக்குப் போய் நின்ற நம் தாய்மாரும் அப்போரின் பின்னணிப் படையினரே. ஆயின் அவர்களுக்குப் பதக்கம் இல்லை. போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் என்று, தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டது. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

வாம்பயர் மூழ்கினும் அதன் பெயர் மூழ்கவில்லை. ஆஸ்திரேலியர் அப்பெயரைப் பிறிதொரு போர்க்கப்பலுக்கு இட்டனர். அது இன்று சிட்னியில் அருங்காட்சிப் பொருளாக நிற்கிறது. அதை நாம் குறை கூறவில்லை. இறந்தோர் பெயரைப் பேணுவது மனித இயல்பு. ஆனால் கொதிகலனருகே நின்று மாண்டவனும், சயாம் காட்டில் வீழ்ந்தவனும், கொழுந்துக் கூடை சுமந்தவளும் ஒரே சாம்ராச்சியத்தின் சுமையைத் தாங்கியவர்கள் அல்லரோ? ஒருவன் பெயர் கல்லில் ஏறிற்று. மற்றவர் பெயர் தோட்டத்துச் செக்றோலோடு மறைந்தது.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை போர் வரலாறு கற்பிக்கும்போது, கப்பல்களின் பெயரோடு நிறுத்த வேண்டாம். உங்கள் பாட்டியார் 1942 இல் எந்த மலையில் கொழுந்தெடுத்தார் என்று மாணவரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்டு வந்ததை ஏட்டில் எழுதச் செய்யுங்கள். எழுதப்படாத அவ்வரலாற்றின் முதற்பக்கம் அதுவே ஆகும்.