கையால் கற்ற வானம்

வேகா, அல்தாயிர், அல்தபரான், தெனப், ரிகல். மேலைநாட்டு வானநூல்களைப் புரட்டுவோர் இப்பெயர்களை இன்றும் காண்பர். யாவும் அரபு மொழியின் கொடை. அறிவியலுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி நம் மேடைகளில் பேச எழுகின்ற எவரும் இப்பட்டியலைச் சொல்லாமல் அமர்வதில்லை. சொல்லட்டும், குறையில்லை. ஆனால் சொன்னவரை மண்டபத்து வாசலுக்கு அழைத்துச் சென்று, "இவற்றுள் ஒன்றை எங்களுக்குக் காட்டுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் திகைப்புத்தான் விடையாகக் கிடைக்கிறது. அந்தப் பெயர்களை ஏட்டில் பதித்த காலத்தவர் வானத்தை ஏட்டில் மட்டும் கற்றவர்கள் அல்லர். பட்டறையில் பித்தளையை அறுத்தும் அராவியும் கற்றவர்கள் அவர்களிடையே இருந்தனர். வானத்தைக் கைத்தொழிலாகப் பயின்ற அந்த மரபைப் பற்றியே இங்கு நாம் பேச விழைகிறோம்.

பக்தாதின் ஏட்டு வணிகரான இப்னு நதீம் கி.பி. 987-ல் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலில், வானக் கருவிகள் செய்வோருக்கென ஒரு பகுதி உண்டு. ஹர்ரான் நகரில் தொடங்கிப் பிற ஊர்களுக்குப் பரவிய தொழில் அது என்று கூறும் அவர், இன்னார் இன்னாருடைய மாணவர் என உஸ்தாதையும் சீடரையும் இணைத்தே பெயர்களை அடுக்கிச் செல்கிறார். அவ்வரிசையில் ஒரு பெண்மணியும் இருக்கிறார். ஹலபு நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவிடம் பணியாற்றிய அல்-இஜ்லிய்யா என்பவரே அவர். தந்தையும் அஸ்தர்லாபு செய்பவர். மகளும் அதே உஸ்தாதிடம் பயின்றவர். அண்மைக்காலத்தில் சிலர் இவருக்கு 'மர்யம்' என்று பெயர் சூட்டி, வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டனர். இப்னு நதீம் தருவது ஒற்றை வரிக் குறிப்பு. அதில் அப்பெயர் இல்லை. உள்ளதே நமக்குப் பெருமைதானே!

அஸ்தர்லாபு என்பது வானத்தையே தட்டையாக்கிக் கையில் தரும் பித்தளைத் தட்டு. ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனித்தனித் தகடு. அதன்மேல் விண்மீன்களின் இடங்களை முட்களாகக் காட்டும் வலைத்தகடு. அதை 'அன்கபூத்', அதாவது சிலந்தி, என்று அழைத்தனர். தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் அறிய உதவிய இக்கருவியை ஒருமுறை செய்து முடித்தவனுக்கு வானம் மனப்பாடமாகிவிடும். ஒவ்வொரு முள்ளையும் அவன் அளந்தே வைக்கவேண்டும். நம் நாட்டிலும் இம்மரபு செழித்தது. ஹுமாயூன் காலத்தில் விளங்கிய லாகூர் உஸ்தாத் அல்லாஹ்தாதின் குடும்பம் நான்கு தலைமுறைகள் இத்தொழிலைப் பேணியது. 17-ஆம் நூற்றாண்டில் அவருடைய கொள்ளுப்பேரர் ளியாவுத்தீன் முஹம்மத் வார்த்த விண்கோளங்கள் ஒட்டே இல்லாமல் ஒரே வார்ப்பில் அமைந்தவை. தாத்தாவின் கைப்பக்குவம் பேரனுக்கு நூல்வழி வந்ததன்று.

பட்டறைகள் ஓய்ந்தபின் வானியல் பெரிய வானாய்வுக் கூடங்களுக்குள் புகுந்துகொண்டது. சாதாரண உழைப்பாளியின் கைக்கு அது மீண்டும் வந்த கதை, நாம் எதிர்பாராத ஓர் ஊரில் நிகழ்ந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்றொரு சிற்றூர். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரில் 1871-ல் பிறந்த ரஸல் போர்ட்டர் ஓவியர், கட்டடக் கலைஞர், வடதுருவப் பயணங்களிலும் கலந்துகொண்டவர். 1919-ல் ஊர் திரும்பி, ஜோன்ஸ் அண்டு லாம்ஸன் இயந்திரத் தொழிற்சாலையில் பணியேற்றார். அதன் தலைவர் ஜேம்ஸ் ஹார்ட்னெஸ் தாமே வானத்தை நேசித்தவர். பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநரானவர். 1920-ல் போர்ட்டர், தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கக் கற்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். சேர்ந்தோர் ஆடவர் 15 பேர், பெண் ஒருவர். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள். வானியல் பட்டம் பெற்றவரல்லர். ஆனால் அளவு பிசகாமல் உலோகம் கடையத் தெரிந்த விரல்கள் அவர்களுக்கு இருந்தன.

கற்றது என்ன? செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரே அளவுள்ள இரு தடித்த கண்ணாடி வட்டுகள். கீழ்வட்டை ஒரு பீப்பாயின்மேல் பொருத்தி, கார்போரண்டம் பொடியையும் நீரையும் தூவி, மேல்வட்டை முன்னும் பின்னுமாகத் தள்ளவேண்டும். தள்ளியபடியே பீப்பாயைச் சுற்றி நடக்கவேண்டும். மேல்வட்டு விளிம்பு தாண்டி நீளும்போது அதன் நடுப்பகுதியும் கீழ்வட்டின் விளிம்பும் மிகுதியாகத் தேய்கின்றன. ஆகவே மேலது குழிகிறது, கீழது குவிகிறது. குழிவைத் தருவது நுட்பமான எந்திரமன்று. ஓயாத தேய்ப்பும் ஓயாத நடையுமே. பொடியை மென்மேலும் நுண்ணியதாக மாற்றி, இறுதியில் மரத்தார் பூசிய தட்டின்மேல் செந்நிற இரும்பு ஆக்ஸைடு கொண்டு மெருகேற்றுவர்.

கடினம் அதற்குப் பிறகே. கோள வடிவக் குழியைப் பரவளைய வடிவமாக ஆழப்படுத்த வேண்டும். அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் பரவளைய ஆடியில் பட்டு ஒரே புள்ளியில் கூடுகின்றன என்பதை, எரிக்கும் ஆடிகள் பற்றிய தம் நூலில் இப்னுல் ஹைஸம் 11-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அதே வளைவைத்தான் ஸ்பிரிங்ஃபீல்டின் தொழிலாளர்கள் உள்ளங்கையால் உருவாக்கினர். அனுமதிக்கத்தக்க பிழை, ஒரு தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை அளக்க விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ 1858-ல் கண்ட முறைப்படி ஒரு சிறு விளக்கும் ஒரு கத்தி விளிம்பும் போதும். ஆடியிலிருந்து திரும்பும் ஒளியைக் கத்தியால் மெல்ல வெட்டினால், கண்ணாடியின் மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். கட்டைவிரலைச் சிறிது நேரம் கண்ணாடியில் வைத்தெடுத்தால், அந்தச் சூட்டில் எழும் புடைப்புக்கூடத் தெரியும்! பொறுமை இல்லாதவனை இச்சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி குளிரும் வரை காத்திருக்கவே வேண்டும்.

1923 டிசம்பரில் அவர்கள் ஸ்பிரிங்ஃபீல்ட் தொலைநோக்கி செய்வோர் சங்கம் அமைத்தனர். ஊருக்கு வெளியே குன்றின்மேல் தாங்களே கட்டிய கூடத்துக்கு 'ஸ்டெல்லஃபேன்' எனப் பெயரிட்டனர். விண்மீன்களின் ஆலயம் என்பது பொருள். அதன் முகப்பில் எழுதப்பட்டிருப்பது சங்கீத நூலிலிருந்து எடுத்த இறைபுகழ் வாசகம். 'ஸயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான ஆல்பர்ட் இங்கால்ஸ் அங்கு வந்து கண்டு, 1925 நவம்பரில் எழுதிய கட்டுரையும், 1926-ல் வெளியான செய்முறை நூலும் இத்தொழிலை உலகெங்கும் பரப்பின. இரண்டாம் உலகப் போரில் படைக்கருவிகளுக்கான முப்பட்டகங்களைச் செய்து தரவும் இப்பொழுதுபோக்காளர்கள் அழைக்கப்பட்டனர். போர்ட்டரோ 1928 இறுதியில் கலிஃபோர்னியா சென்று, பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி அமைப்பில் பங்கேற்றார். அது 1948-ல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

வானத்தைப் படம் பிடிக்கும் கலையும் பெருமளவில் இத்தகையோரின் கைவண்ணமே. சூரியன் நீங்கலாக முதன்முதல் படத்தில் அகப்பட்ட விண்மீன் வேகா. 1850 ஜூலையில் ஹார்வர்ட் வானாய்வுக் கூடத்தில் 100 விநாடி ஒளி காட்டி எடுத்தனர். அரபியர் 'அந்நஸ்ருல் வாகிஃ', இறங்கும் கழுகு, என்று அழைத்த அதே விண்மீன். பிறகு தொழில்முறை வானியலாளர் அல்லாதோர் முந்திக்கொண்டனர். நியூயார்க்கின் ஹென்றி டிரேப்பர் மருத்துவப் பட்டம் பெற்றவர். தம் ஆடிகளைத் தாமே தேய்த்தவர். 1880 செப்டம்பர் 30-ல் ஓரியன் ஒண்முகிலை 51 நிமிடத்தில் படமெடுத்தார். லண்டன் அருகே ஈலிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரூ காமன் கழிவுநீர்ப் பொறியாளர். 1883 ஜனவரியில் தம் வீட்டுத் தோட்டத்து 36 அங்குலத் தொலைநோக்கியால் அதே ஒண்முகிலை எடுத்தபோது, கண்ணுக்கு எட்டாத விண்மீன்கள் தகட்டில் பதிந்திருந்தன. கண் காணாததைப் படம் காணும் என்பது அன்று உறுதியாயிற்று. 1888-ல், கட்டடத் தொழிலில் பொருளீட்டிய ஐஸக் ராபர்ட்ஸ் ஆந்திரமேடா ஒண்முகிலின் சுருள் கைகளைப் படத்தில் காட்டினார். இஸ்ஃபஹானில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964-ஆம் ஆண்டு வாக்கில் 'சிறு மேகம்' என்று குறித்துவைத்தது அதைத்தான். இரு குறிப்புகளுக்கும் இடையே 924 ஆண்டுகள்.

படமெடுப்பதில் உள்ள இடர் ஒன்றே: பூமி சுழல்கிறது, விண்மீன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலைத்த காமிராவில் அது கோடாக இழுபடும். இதற்கு 1975-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் சொன்ன வழி, தச்சுப் பட்டறையில் அரை நாளில் முடியும் வேலை. இரு பலகைகளைக் கதவுக் கீலால் இணைத்து, மேல்பலகையில் காமிராவைப் பொருத்தி, இடையே ஒரு திருகாணியைச் செலுத்தவேண்டும். ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும் திருகாணியாயின், கீலிலிருந்து 22.9 சென்டிமீட்டரில் அதை வைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருகினால் பலகை வானத்தோடு சேர்ந்து திரும்பும். இன்றைய மின்னணுக் காமிராவுக்குச் சில நிமிடங்களே போதும்.

கீலின் அச்சு துருவ விண்மீன் இருக்கும் திசையை நோக்கவேண்டும் என்பதே நிபந்தனை. 'கமால்' என்னும் முடிச்சுக்கயிறு கட்டிய சிறு பலகையால் அரபு மாலுமிகள் உயரம் அளந்ததும் அதே விண்மீனைத்தான். சென்னையில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 13 பாகையிலும், காயல்பட்டினத்தில் எட்டரைப் பாகையிலுமே நிற்கிறது. ஆகவே நம் கரையில், வடக்கே பனையும் மாடியும் மறைக்காத திறந்த வெளியாகப் பார்த்துத்தான் பலகையை ஊன்றவேண்டும்.