லைட் குடும்பத்தின் இரு உயில்கள்

பினாங்குத் தீவின் தொடக்க வரலாற்றை நம் மாணவர்கள் மூன்று தேதிகளாக மனனம் செய்கின்றனர். 1786 ஜூலை 17-இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கினார். ஆகஸ்டு 11-இல் கொடியேற்றினார். 1794 அக்டோபர் 21-இல் காய்ச்சலால் மறைந்தார். இவற்றைப் பிழையின்றி எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆயின், அத்தேதிகளுக்கு இடையே ஒரு வீடு இருந்தது. அவ்வீட்டில் ஓர் அம்மையாரும் ஐந்து குழந்தைகளும் வாழ்ந்தனர். நிலமும் மாடும் மேசையும் நாற்காலியும் இருந்தன. வீட்டுக்குரியவர் கண்ணை மூடிய பின் அவையெல்லாம் யாரிடம் சென்றன?

ஒருமுறை மாணவர்களை ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய புரோட்டஸ்டண்டு இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். லைட்டின் கல்லறையைக் காட்டி வழக்கமான உரையை ஆற்றி முடித்ததும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், இவர் மனைவியின் கல்லறை எங்கே?" என்று கேட்டாள். சுற்றிலும் கல்வெட்டுகள் பல இருந்தும் அவளுக்கு நான் காட்டத்தக்க கல் ஒன்றும் இல்லை. அந்த அம்மையாரைக் கல்லில் தேடிப் பயனில்லை, தாளில்தான் தேடவேண்டும். அரசியல் வரலாறு கைவிட்டவர்களை ஓரளவேனும் காப்பாற்றி வைத்திருப்பவை நிலப்பதிவும் உயிலுமே ஆகும். ஒரு நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதை நிலப்பதிவு சொல்லும். இறக்கும் ஒருவர் தம் மனத்தில் யாரையெல்லாம் குடும்பமாகக் கருதினார் என்பதை உயில் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வரலாறு சூடு பிடிக்கிறது.

பிரான்சிஸ் லைட் 1740-இல் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தைச் சேர்ந்த டாலிங்கூ என்னும் சிற்றூரில் ஞானஸ்நானம் பெற்றவர். தாயார் பெயர் மேரி லைட். மகனுக்கு வாய்த்ததும் தாயின் குடும்பப் பெயரே. கடற்படையில் பணியாற்றிப் பின்னர் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் இருந்த ஒரு வணிக நிறுவனத்தின் சார்பில் மலாக்கா நீரிணைப் பகுதியில் கப்பலோட்டி வாணிகம் செய்தார். கெடாவிலும் இன்று பூக்கெட் எனப்படும் சலாங் தீவிலும் அவருக்குத் தொடர்புகள் ஏற்பட்டன. அக்காலத்தில் அவரோடு இணைந்தவரே மார்த்தினா ரொசெல்ஸ் அம்மையார். அவரைப் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கர் என்பார் சிலர். சயாமியப் பெண் என்பார் சிலர். கெடா அரச குலத்தவர் என்று கதை கட்டியவர்களும் உண்டு. ஒரே பெண்ணுக்கு இத்தனை பிறப்புகள் கற்பிக்கப்படுவதிலிருந்தே அவரைப் பற்றி எழுதியவர்கள் அவரிடம் ஒன்றும் கேட்டறியவில்லை என்பது விளங்கும்.

லைட் தீவில் இறங்கியபோது அங்கே நிலச் சட்டம் எதுவும் இல்லை. காட்டை வெட்டித் திருத்தியவருக்கே நிலம் என்பதே நடைமுறையாயிற்று. எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டிக்கொள்ளலாம். பட்டா பின்னர் வரும் என்று வாக்குறுதி தரப்பட்டது. நிலத்தை ஓர்லோங் என்னும் அளவையால் கணக்கிட்டனர். ஓர் ஓர்லோங் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுதி. லைட்டும் அவருடைய வாணிகப் பங்காளியான ஜேம்ஸ் ஸ்காட்டும் இவ்வகையில் நிறையவே நிலம் சேர்த்தனர். தீவின் உட்பகுதியில் லைட் அமைத்த மிளகுத் தோட்டத்துக்குத் தம் பிறந்த மண்ணின் பெயரையே சூட்டி 'சஃபோக்' என்றழைத்தார்.

இந்நிலங்களின் மூலவேர் எது என்பதையும் ஈண்டுக் குறிப்பிட்டாக வேண்டும். பகைவரிடமிருந்து கும்பெனி தமக்குப் பாதுகாப்பளிக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே கெடா சுல்தான் தீவை விட்டுக்கொடுத்தார். கும்பெனி அப்பாதுகாப்பை வழங்கவில்லை. தீவை மீட்க முயன்ற சுல்தான் 1791-இல் தோல்வியுற்று, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெறும் உடன்பாட்டுக்கு இணங்க நேர்ந்தது. அதற்குப் பின் தீவில் எழுதப்பட்ட நிலத்தாள்கள் யாவும் அந்த உடன்பாட்டின் மேல்தான் நிற்கின்றன.

இனி முதல் உயிலுக்கு வருவோம். 1794-இல் இறப்பதற்குச் சற்று முன்பு லைட் அதனை எழுதினார். சஃபோக் மிளகுத் தோட்டத்தையும் தோட்ட வீட்டையும் மார்த்தினாவுக்கே விட்டார். நகரத்து வீட்டையும் அவருக்கே அளித்தார். அவ்வளவோடு நிற்கவில்லை. மேசைகள், நாற்காலிகள், கட்டில்கள், வெள்ளிக் கரண்டிகள், பசுக்கள் எனப் பொருள்களைப் பெயர் சொல்லிச் சொல்லி அவருக்கு ஒதுக்குகிறார். ஓர் ஆளுநரின் அரசாங்கக் கடிதங்களை எத்தனை படித்தாலும் அவர் வீட்டில் எத்தனை கரண்டிகள் இருந்தன என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. உயில்தான் அவ்வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறது. அதே உயிலில், மாடுகளோடும் மரச்சாமான்களோடும் ஒரே வரிசையில் அடிமைகளும் இடம்பெறுகின்றனர். திறந்த கதவின் வழியே அதுவும்தான் கண்ணில் படுகிறது.

மார்த்தினாவை அந்த உயில் எவ்வாறு குறிப்பிடுகிறது என்பதே முக்கியமானது. 1772 முதல் தம்மோடு வாழ்ந்து வருபவர் என்கிறது. மனைவி என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கை ஓர் ஆண்டுக் கணக்காக மட்டும் பதிவாயிற்று. தேவாலயச் சான்று காட்ட முடியாத ஒரு பெண்ணுக்குத் தம் சொத்து சேரவேண்டும் என்று விரும்பிய ஒருவர், அதற்குரிய காரணத்தை வேறு எவ்வாறு எழுதியிருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர் நோக்கத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நோக்கம் வேறு, நடந்தது வேறு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஏற்றவர்களுள் பினாங்கில் இருந்த ஜேம்ஸ் ஸ்காட்டும் கல்கத்தாவில் இருந்த வில்லியம் ஃபேர்லியும் முதன்மையானவர்கள். ஸ்காட்டோ இறந்தவரின் வாணிகப் பங்காளி. பங்காளியின் கணக்கும் குடும்பத்தின் சொத்தும் எங்கே பிரிகின்றன என்பதை அவரே தீர்மானிக்கும் நிலை. சஃபோக் தோட்டம் அம்மையாரின் கையில் நிலைக்கவில்லை. ஸ்காட் அவரை ஏமாற்றினார் என்று பிற்காலத்தவர் பலர் எழுதியுள்ளனர். அவரை வில்லனாக்கிவிட்டால் கதை சுவையாகவே இருக்கும். எனினும், என் எண்ணத்தில் பெரிய குற்றவாளி வேறொன்று. அன்று அத்தீவில் முறையான நீதிமன்றமே இல்லை. பினாங்குக்கு நீதிச் சாசனம் வழங்கப்பட்டது 1807-இல். சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரெக்கார்டராக வந்து மன்றம் கூடியது 1808-இல். லைட் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்! அதுவரை, உயிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எந்தப் படியேறி முறையிடுவது? கடலைக் கடந்து கல்கத்தாவுக்கா? மன்றம் கூடிய அந்த 1808-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்டும் காலமானார்.

சஃபோக் நிலம் பின்னர் கும்பெனி அதிகாரி வில்லியம் எட்வர்டு பிலிப்ஸ் வசமாயிற்று. இன்று ஆயர் ஈத்தாம் பகுதியில் ஆற்றோரம் கம்பீரமாக நிற்கும் சஃபோக் மாளிகை அவர் காலத்து எழுச்சியே. லைட் வாழ்ந்த வீடன்று. இதை மாணவர்க்குச் சொல்லித்தர வேண்டும், பலர் மயங்குகின்றனர். பல கைகள் மாறி, 1920களின் இறுதியில் அந்நிலம் மெதடிஸ்டுத் திருச்சபையிடம் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பயன்பட்டது. சிதைந்து கிடந்த மாளிகை 2000களில் செப்பனிடப்பட்டது. மிளகுத் தோட்டம் பள்ளித் திடலானது தலைமையாசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சியே என்பதை மறைப்பானேன்?

குழந்தைகள் திசைக்கு ஒருவராயினர். மூத்த மகள் சாராவை மணந்தவர் சென்னைப் படையைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ். தமிழர்க்கு இப்பெயர் புதிதன்று. 1801-இல் மருது சகோதரர்களை எதிர்த்த போரில் ஈடுபட்டு, பின் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் சின்ன மருதுவை மனமுருகிப் பாராட்டிய அதே வெல்ஷ்தான் இவர். பினாங்கு வீட்டின் வரலாற்றைத் தொடர்ந்து போனால் சிவகங்கைச் சீமையில் போய் நிற்கிறோம்!

மகன் வில்லியம் 1786-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, சஃபோக் வட்டாரத்துத் தீபர்ட்டன் என்னும் ஊரில் தந்தையின் நண்பர் குடும்பத்தில் வளர்ந்தார். போர்வீரராகப் பெயர் பெற்று, 1836-இல் தென் ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை நில அளவையாளராகச் சென்றார். கௌர்னா மக்களின் பூர்வீக மண்ணில் அடிலெய்டு நகரை 1,042 ஒற்றை ஏக்கர் மனைகளாக 1837-இல் அளந்து முடித்தார். அளவற்று வெட்டிச் சேர்த்த நிலம் தந்தையுடையது. அங்குலம் தவறாமல் அளந்த நிலம் மகனுடையது. ஆனால், 1839 ஜனவரியில் தீப்பற்றி அவர் குடிலும் அருகிருந்த நில அளவை அலுவலகமும் எரிந்தன. அவருடைய நாட்குறிப்புகளும் ஓவியங்களும் பெரும்பாலும் சாம்பலாயின. அவ்வாண்டு அக்டோபர் 6-இல் காசநோய்க்கு இரையானார்.

அவர் எழுதிய உயிலே இரண்டாவது உயில். சட்டப்படி மணந்த மனைவியைப் பிரிந்து வந்தவர் அவர். தம்மோடு வந்து, தம் நோயில் துணை நின்ற மரியா காண்டி என்னும் பெண்ணுக்கே அனைத்தையும் எழுதி, நிறைவேற்றும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். தந்தையின் உயிலை அவர் படித்திருந்தாரோ இல்லையோ, அதிலிருந்த ஓட்டையை அடைத்துவிட்டார். பங்காளிக்கு அங்கே இடமில்லை. அடிலெய்டில் 1837 முதலே உச்ச நீதிமன்றமும் இருந்தது. சொத்தாக இருந்தது சிறிதளவே. ஊராரும் மரியாவை ஏற இறங்கப் பார்த்தனர். எனினும் லைட் கட்டிய தீபர்ட்டன் வீடு அவருக்கு வாய்த்தது. 1840-இல் ஜார்ஜ் மேயோ என்னும் மருத்துவரை மணந்து, 1847-இல் இறந்தார். மேயோ குடும்பத்தவர் ஒருவரே 1937-இல் வில்லியம் லைட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

அடிலெய்டின் கதை நம்மிடம் திரும்பி வந்த வழி வியப்புக்குரியது. நிலத்தாள்களைச் சங்கிலி போல் ஒன்றோடொன்று கோத்துக் காட்டினாலன்றி உரிமை இல்லை என்ற பழைய முறையை ஒழித்து, அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்னும் முறையை 1858-இல் அந்நகரில்தான் ராபர்ட் டோரன்ஸ் சட்டமாக்கினார். அவருடைய தந்தையின் பெயரைத் தாங்கிய ஆற்றின் கரையில்தான் வில்லியம் லைட் அந்நகரை அளந்திருந்தார். நீரிணைக் குடியேற்றங்களின் நில ஆணையராக இருந்த வில்லியம் எட்வர்டு மேக்ஸ்வெல் ஆஸ்திரேலியா சென்று அம்முறையைக் கற்றுவந்து பரிந்துரைத்தார். 1890களில் மலாய் மாநிலங்கள் அதை ஏற்றன. லைட்டின் சொந்தத் தீவாகிய பினாங்கோ நெடுங்காலம் பழைய தாள்முறையிலேயே கிடந்தது. 1966 ஜனவரி முதல் நாள் தேசிய நிலச் சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான் அங்கும் அது மாறியது. இன்று நம் வீடுகளில் 'கிராண்டு' என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோமே, அது அடிலெய்டின் வழிவந்த தாளே.

அந்தப் பெட்டியைத் திறக்கவேண்டிய நாள் என் வீட்டிலும் வந்தது. என் தந்தையார் தோட்டத் தொழிலாளியின் மகன். செபராங் பிறையில் ஒரு சிறு மனையை வாங்கியிருந்தார். உயில் எழுதவில்லை. அவர் மறைந்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குச் சென்றேன். கிராண்டில் அப்பாவின் பெயர் ஒரு வகையாகவும் அடையாள அட்டையில் வேறு வகையாகவும் எழுதப்பட்டிருந்தது. அது பெரிய சிக்கலன்று. அதற்கடுத்த கேள்விதான் என்னை நிறுத்தியது. திருமணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டனர். என் பெற்றோர் மணந்தது தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மஞ்சள் கயிறும் ஊராரும் சாட்சி. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982-இல் நடப்புக்கு வருமுன் நம்மவருள் பெரும்பாலோர் அவ்வாறே மணந்தனர். அத்திருமணங்கள் செல்லும் என்பதை அச்சட்டமே ஏற்கிறது. சட்டம் ஏற்றாலும் மேசை தாள் கேட்கும். அம்மா ஒன்றும் பேசாமல் தம் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று எனக்கு 1772 என்ற ஆண்டு நினைவுக்கு வந்தது.

பெற்றோர் பலர் இத்தகைய தாள்களை எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு வருவதை ஆசிரியர்கள் அறிவர். நாமும் கையிலிருக்கும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் படித்துச் சொல்கிறோம். என் அம்மாவுக்காக, அத்திருமணத்தில் பந்தி பரிமாறிய முதியவர் இருவரைத் தேடிப்பிடித்தேன். ஒருவர் சுங்கை பட்டாணியில் மகள் வீட்டில் இருந்தார். மற்றவர் நிபோங் திபாலில். இருவரும் வந்து சத்தியப் பிரமாணத்தில் ஒப்பமிட்டனர். திருமண நாளில் மழை பெய்ததா இல்லையா என்பதில் மட்டும் அவர்களுக்குள் வழக்கு. அதை அலுவலர் எழுதிக்கொள்ளவில்லை. பதினான்கு மாதங்களுக்குப் பின் புதிய கிராண்டு வந்தது. அம்மாவின் பெயர் அதில் இருந்தது.