நித்தியகல்யாணி: மரபணு ஆய்வு வரலாறு

நித்தியகல்யாணி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட குறுஞ்செடி. தமிழகத்தில் வேலியோரங்களிலும் இடுகாடுகளிலும் தானே முளைத்து ஆண்டெல்லாம் பூப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் அழைப்பர். தென்மாவட்டங்களில் பயிராகவும் இடுகின்றனர். இதன் இலையிலுள்ள வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் ஆல்கலாய்டுகள் புற்றுநோய் மருந்துகள். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பர். மரபணு ஆய்வாளர்களை இச்செடியின்பால் இழுத்தது இந்த அருமையே.

1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். எலி லில்லி என்னும் மருந்து நிறுவனமும் அதே காலத்தில் இச்செடியை ஆராய்ந்து வந்ததால், கண்டுபிடிப்பில் யார் பங்கு எவ்வளவு என்பது பலவாறு கூறப்படுகிறது.

ஆல்கலாய்டு உருவாக்கத்தின் முக்கியக் கட்டத்தை நடத்தும் ஸ்டிரிக்டோசிடின் சிந்தேஸ் நொதிக்கான மரபணு, 1990இல் இச்செடியிலிருந்து படியெடுக்கப்பட்டது. 1998இல் அம்மரபணுவை மிகையாக இயங்கச் செய்தபோது வளர்ப்புச் செல்களில் ஆல்கலாய்டு கூடியது. ஆனால் நாள்பட அவ்விளைச்சல் குன்றியது. 2000இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் ஓர்கா3 என்னும் கட்டுப்பாட்டு மரபணுவை அறிவித்தனர். பூச்சி கடித்தால் செடியில் சுரக்கும் ஜாஸ்மோனேட்டுக்கு இது செவிசாய்த்து, பல மரபணுக்களை ஒருசேர முடுக்குகிறது. ஒன்றைத் தூண்டினால் யாவும் பெருகும் என்ற நம்பிக்கை அப்போது எழுந்தது. எனினும் தொடக்கக் கட்டத்து நொதி ஒன்று ஓர்கா3க்குக் கட்டுப்படவில்லை. லோகனின் என்ற மூலப்பொருளை வெளியிலிருந்து ஊட்டினால்தான் ஆல்கலாய்டு மிகுந்தது.

வின்பிளாஸ்டின் இரு பாதிகள் இணைந்து உருவாவது. ஒரு பாதியான வின்டோலின் பச்சை இலையில் மட்டுமே போதிய அளவில் விளைகிறது. வளர்ப்புச் செல்களும் வேர்களும் அதைத் தருவதில்லை. மறுபாதியான காத்தரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் தங்குவதாக 2010இல் தெரியவந்தது. வின்டோலினோ இலைக்குள்ளேயே இருக்கிறது. ஓரிலையிலேயே இரண்டும் இப்படிப் பிரிந்து கிடப்பது இச்செடியின் மிக அழகிய நுட்பம். பூச்சி மெல்லும்போது இரண்டும் கலந்து நஞ்சாகலாம் என்பது ஒரு கருத்து. செடிக்குள் அவை இணையும் இடம் குறித்து வேறு விளக்கங்களும் உண்டு.

பாக்டீரிய மரபணுவைச் செருகி, இயற்கையில் இச்செடியில் இல்லாத குளோரின் ஆல்கலாய்டுகளை வேர்களில் பெற்றதும் 2010இல்தான்.

ஆல்கலாய்டு உருவாகும் பாதையில் அதுவரை அறியப்படாமல் விடுபட்டிருந்த நொதிகள் 2018இல் கண்டறியப்பட்டன. 2022இல் ஈஸ்டிலேயே இரு பாதிகளும் உருவாக்கப்பட்டு, பின் வேதிமுறையில் இணைக்கப்பட்டன. கிடைத்த அளவு மிகச் சிறிது. மருந்தாலைகள் இன்றும் பெரும்பாலும் வயலில் விளைந்த இலையையே நம்பியுள்ளன.